இன்டேக் மேனிஃபோல்டை வீட்டிலேயே கழற்றுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காற்றை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்ற நல்ல சாக்கெட் செட்டும் பொறுமையும் போதும். எஞ்சினுக்குப் பெருங்கேடு நேர்வது பெரும்பாலும் அது கழன்ற பிறகுதான். சிலிண்டர் ஹெட்டில் திறந்து நிற்கும் துளைகளில் ஒரு வாஷரோ, இணைப்பில் கசிவைத் தடுக்கும் பழைய கேஸ்கெட்டின் துணுக்கோ விழுந்து, வால்வைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டால், எஞ்சினை ஓடவிட்ட சில நொடிகளில் வால்வும் பிஸ்டனும் அடிபட்டு, ஹெட்டையே இறக்க வேண்டிய செலவு வந்து சேரும். ஆகவே துளைகளை உடனே மூட வேண்டும். கை துடைக்கும் பனியன் வேஸ்டைத் திணிக்காதீர்கள்; அதன் நூல் பிரிந்து உள்ளே தங்கும். நூல் உதிராத சுத்தமான துணியை எண்ணி வைத்து, எண்ணியே எடுங்கள். பக்கத்து மனையில் கட்டட வேலை நடக்காத தெரு சென்னையில் அரிது என்பதால், திறந்த பார்க்கிங்கில் வேலை செய்பவர்கள் மணல் தூசிக்கும் சேர்த்தே அஞ்ச வேண்டும்.

கேஸ்கெட் ஒட்டியிருந்த பரப்பை எமரித்தாளால் தேய்ப்பது இன்னொரு பெருந்தவறு. அலுமினியம் கீறுபடுவதோடு, எமரித்தூள் உள்ளே போனால் சிலிண்டர் சுவரையும் பேரிங்கையும் அரிக்கும். பிளாஸ்டிக் சுரண்டியும் உரிய கிளீனரும் நேரமெடுத்தாலும் அவையே சரி. பழைய கேஸ்கெட்டின் மேல் சிலிகான் பூசிச் சமாளிப்பதும் வேண்டாம். பெட்ரோல் பட்டால் சாதாரண சிலிகான் இளகி உரியும். பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழைய மேனிஃபோல்ட் வாங்குவதில் தவறில்லை. ஆனால் விரிசலும் கோணலும் இல்லையென்று நேர்விளிம்பு (நேரான உலோகப் பட்டை) வைத்துப் பார்த்து வாங்கி, கேஸ்கெட்டை மட்டும் புதிதாகவே போடுங்கள்.

வேலையைத் தொடங்கும் முன் எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் உள்ள எம்பிஎஃப்ஐ பெட்ரோல் கார்களில், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயான ஃப்யூவல் ரெயிலில், எஞ்சினை நிறுத்திய பிறகும் ஏறத்தாழ 3 பார் அழுத்தம் தங்கியிருக்கலாம். பம்ப்பின் ஃப்யூஸை எடுத்துவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, அதன்பின் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே குழாயிலிருந்து டீசல் தரும் காமன் ரெயில் எஞ்சினில் அழுத்தம் 1,000 பாருக்கும் மேலே போகும். அதன் குழாய்களில் வீட்டில் கை வைக்கவே வேண்டாம். ஹோஸ்களையும் கனெக்டர்களையும் படமெடுத்துக்கொள்வது எளிய காரியம், தவறாமல் செய்யுங்கள்.

போல்ட்டுகளை ஓரங்களிலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். பூட்டும்போது நடுவிலிருந்து ஓரங்களுக்குச் செல்ல வேண்டும். கைப்பலத்தை நம்பி இறுக்கினால் பிளாஸ்டிக் மேனிஃபோல்ட் விரிசல் விடும், அலுமினிய மரை பிய்யும். அந்த மாடலுக்குரிய இறுக்க அளவை ஒர்க்‌ஷாப் கையேட்டில் பார்த்து, குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சால் பூட்டுங்கள்.

பூட்டி முடித்து, பம்ப்பின் ஃப்யூஸையும் பேட்டரி முனையையும் திரும்ப மாட்டியதும், நேராக ஸ்டார்ட் செய்யாமல், சாவியை இரண்டு மூன்று முறை ஆன் செய்து, பெட்ரோல் எங்கேனும் கசிகிறதா என்று பாருங்கள். ஓடும்போது ஐடில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) ஏறி இறங்கினாலோ, உஸ்ஸென்ற ஒலி வந்தாலோ, காற்று கசிகிறது என்று கொள்ளலாம். அதைக் கண்டுபிடிக்கச் சூடான எஞ்சினில் கார்புரேட்டர் கிளீனரைத் தெளிப்பது தீப்பிடிக்கும் செயல். புகையைச் செலுத்திக் கசிவைக் கண்டுபிடிக்கும் சோதனை செய்யும் ஒர்க்‌ஷாப்பில் காட்டுவதே பாதுகாப்பானது.