பாட்டாவின் நாகா மலைக் கதையை எப்படிச் சரிபார்ப்பது?

நம்ம கன்னியாகுமரிப் பக்கத்து வீடுகளில் "இரண்டாம் உலகப் போர்ல பாட்டா நாகா மலைத் தலைவெட்டிகள் நடுவில இருந்தாரு" என்று ஒரு பட்டாளக் கதை இருந்தால், முதலில் இரும்புப் பெட்டியைத் திறந்து அவருடைய பென்ஷன் புத்தகம், டிஸ்சார்ஜ் தாள், பட்டாளப் போட்டோவின் பின்பக்கம் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பென்சிலில் மங்கலாகக் கிடக்கும் அவருடைய பட்டாள நம்பர்தான் சாவி. ஊர்ப்பெயரைத் தேடும்போது திருவிதாங்கூர் என்றும் தேடுங்கள், கன்னியாகுமரி மாவட்டம் 1956-ல்தான் வந்தது.

அப்புறம் இடத்தைக் கேளுங்கள். கொஹிமா (இன்றைய நாகாலாந்தின் தலைநகர்) என்றால் கொஞ்சம் சந்தேகப்படலாம். அங்கே 1880களிலிருந்தே பிரிட்டிஷ் ஆட்சி, 1944 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஜப்பானியரோடு நடந்த சண்டையில் அந்தப் பக்கத்து அங்காமி நாகாக்கள் நம்ம பட்டாளத்துக்காகச் சாமான் சுமந்தார்கள், காயம்பட்டவர்களைத் தூக்கி வந்தார்கள், உளவு சொன்னார்கள். பாட்டா உயிரோடு திரும்பியதில் அவர்களுக்கும் பங்கு இருக்கலாம். பர்மா எல்லையோரம் கொன்யாக் நாகாக்கள் இருக்கும் பக்கம் என்றால் கதை வேறு. அங்கே அரசு கை எட்டாத ஊர்களில் தலை எடுப்பது அப்போதும் இருந்தது. ஆனால் அது பெரும்பாலும் ஊர்களுக்கு இடையே பகையும் மானமும் சேர்ந்த சொந்தக் கணக்கு. வெளியாள் நாகாக்களோடு வாழ முடியாது என்பதும் இல்லை: உர்சுலா கிரஹாம் பவர் என்ற ஆங்கிலேயப் பெண் ஜெமி நாகாக்களோடு வருடக்கணக்கில் இருந்து, 1942-க்குப் பின் அவர்களையே வைத்து ஜப்பானியரைக் கண்காணித்தார்.

போய்ப் பார்க்க ஆசை இருந்தால் கன்னியாகுமரியில் விவேக் எக்ஸ்பிரஸ் ஏறி திமாப்பூரில் இறங்குங்கள். நாகாலாந்துக்குள் போக வெளியூர்க்காரருக்கு வேண்டிய அனுமதிச் சீட்டான இன்னர் லைன் பெர்மிட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். கொஹிமா போர்க் கல்லறையின் மேல்தட்டில், தகனம் செய்யப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்கள் இருக்கின்றன.