சைக்கிளில் கண்ணாடி மாட்டிய பிறகு செய்கிற தவறுகள்

ஞாயிறு விடிகாலையில் வேலூர் பாகாயத்திலிருந்து அமிர்திக்குக் கிளம்பும் பிள்ளைகளோடு நானும் போவதுண்டு. அவர்களில் நான்கு பேர் சமீபத்தில் சைக்கிளுக்குப் பின்பார்வைக் கண்ணாடி மாட்டியிருக்கிறார்கள். சந்தோஷம். கண்ணாடி தேவையா என்று கேட்டால் தேவை என்றுதான் சொல்வேன். வேலூருக்கும் காட்பாடிக்கும் நடுவே பாலாற்றுப் பாலத்தில் தினமும் போய் வருகிறேன். இடது பக்கம் பாலத்துச் சுவர், வலது பக்கம் உரசுகிற மாதிரி பஸ். ஓரத்தில் மணல் கிடந்தால் அரை அடி உள்ளே வரலாமா, இப்படியே பிடித்துக்கொண்டு போகலாமா என்பதைக் கண்ணாடியைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன். ஆனால் மாட்டிய கையோடு இந்தப் பிள்ளைகள் செய்கிற தவறுகள் அத்தனையும் நான் செய்தவை. ஹெல்மெட், பிரேக், காற்றெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

இடது கைப்பக்கம் மாட்டுவது

முந்துகிற வண்டி வலது பக்கமாகத்தான் வரும். கண்ணாடியும் அங்கேதான்.

கண்ணாடியை மட்டும் பார்த்து வலது பக்கம் திரும்புவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. அமிர்தி போக கணியம்பாடி அருகே திருவண்ணாமலை ரோட்டை விட்டு வலது பக்கம் திரும்ப வேண்டும். போன மாதம் எனக்கு முன்னால் போன பையன் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தான், கையை நீட்டினான், திரும்பிவிட்டான். பின்னால் வந்த பஸ் டிரைவர் பிரேக்கை மிதித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஓரமாக நிறுத்திக் கேட்டால், “இன்னாண்ணா, அதான் கண்ணாடி கீதே, பஸ்ஸு ரொம்ப தூரத்துல இருந்துச்சு” என்றான்.

தூரத்தில் இல்லை. சைக்கிள் கண்ணாடிகள் பெரும்பாலும் குவிந்தவை. சின்ன வட்டத்துக்குள் ரோடு முழுவதையும் காட்ட வேண்டுமென்பதால் எல்லாவற்றையும் சிறிதாக்கிக் காட்டும். சிறிதாகத் தெரிந்தால் தூரத்தில் இருக்கிறது என்று மனசு நினைத்துக்கொள்ளும். ஒரு நாள் ரோட்டோரம் நின்று சோதித்துப் பாருங்கள். கண்ணாடியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு பஸ் தெரியும்போது தலையைத் திருப்பினால், நம்பர் பிளேட்டைப் படிக்கிற தூரத்தில் நிற்கும். பஸ் 60 கிலோமீட்டர் வேகத்திலும் நீங்கள் 20லும் போனால், 50 மீட்டர் பின்னால் இருக்கிற பஸ் நாலரை விநாடியில் உங்களைப் பிடித்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. ஹேண்டில்பாரில் மாட்டிய கண்ணாடி ஹேண்டிலோடு சேர்ந்தே திரும்பும். வலது பக்கம் ஒடித்த கணத்தில் அது ரோட்டை விட்டுவிட்டு உங்கள் சட்டையைக் காட்டும். கட்டாயம் பார்க்க வேண்டிய நேரத்தில் அது குருடு.

எனக்கு இது தெரிய ஒரு காறை எலும்பு (கழுத்துக்குக் கீழே தோளோடு சேரும் எலும்பு) முறிய வேண்டியிருந்தது. கண்ணாடியில் தூரத்தில் ஒரு லாரி தெரிந்தது. நேரம் இருக்கிறது என்று திரும்பினேன். தோளுக்குப் பக்கத்திலேயே, கண்ணாடிக்குள் வராத இடத்தில், பால் கேன் கட்டிய பைக் ஒன்று என்னை முந்திக்கொண்டிருந்தது. அவருடைய ஃபுட்ரெஸ்ட் என் பின்சக்கரத்தில் மாட்டியது. இருவரும் விழுந்தோம். எனக்கு ஆறு வாரம் கை தொட்டிலில். அவருக்கு முழங்கால் கிழிந்து, அன்றைய பால் மொத்தமும் தாரில் ஓடியது. தப்பு முழுக்க என்னுடையது. அந்த மனிதர் எழுந்ததும் முதலில் என் தோளைத்தான் தொட்டுப் பார்த்தார்.

ஆகவே வரிசை இதுதான்: கண்ணாடி, தலை, கை, மறுபடி தலை, பிறகுதான் ஹேண்டில். மோவாய் வலது தோளைத் தொடுகிற அளவுக்குத் திரும்ப வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்களுக்குத் தலை திரும்பினால் சைக்கிளும் கூடவே அந்தப் பக்கம் இழுக்கும். கோட்டை மைதானத்தில் காலையில், தரையில் ஒரு கோடு கிழித்து, அதை விட்டு விலகாமல் திரும்பிப் பார்த்துப் பழகுங்கள். வலது கையை எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டால் இழுப்பு குறையும். இடைவெளி கிடைக்கவில்லையா, இடது ஓரமாக இறங்கி நின்று, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடந்துவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஸ்டாண்டு போட்டுவிட்டுக் கண்ணாடியைச் சரிசெய்வது

பக்கத்தில் நின்று பார்க்கும் உயரம் வேறு, குனிந்து ஓட்டும்போது கண் இருக்கும் உயரம் வேறு. யாரையாவது சைக்கிளைப் பிடிக்கச் சொல்லி, ஓட்டுகிற மாதிரியே உட்கார்ந்து திருப்புங்கள். உள் விளிம்பில் உங்கள் முழங்கை கொஞ்சம் தெரியட்டும், மிச்சமெல்லாம் ரோடு.

ஆடுகிற கண்ணாடி

பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டி, கிளாம்புக்குள் சுற்றி இறுக்குங்கள்.

அதையே பார்த்துக்கொண்டு ஓட்டுவது

20 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடிக்கு 11 மீட்டர் போய்விடுவீர்கள். நம் ரோட்டில் அந்த 11 மீட்டருக்குள் ஒரு பள்ளமாவது இருக்கும்.

இரவில் தூரம் கணக்குப் போடுவது

ஹைபீம் போட்டு வருகிற வண்டி கண்ணாடியில் வெறும் வெளிச்சம்தான். லாரியா, ஒற்றை விளக்கோடு வருகிற காரா, தெரியாது. போகிற நேர்கோட்டிலிருந்து விலகாமல் போங்கள், அது கடந்து போகட்டும்.