விக்கா பயில முதல் நூலைத் தேர்ந்தெடுப்பது எப்படி

இயற்கையைப் போற்றி, மந்திரச் சடங்குகளும் செய்யும் சமயமான விக்கா நெறியைக் கற்கத் தொடங்குபவர், ஒரு நூலைக் கையில் எடுத்ததும் மந்திரப் பக்கங்களைத் தேடாமல் வரலாற்று அத்தியாயத்தை முதலில் திறந்து பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் 90 லட்சம் சூனியக்காரிகள் எரிக்கப்பட்டதாகவோ, விக்கா கற்காலத்திலிருந்து அறுபடாமல் வருவதாகவோ எழுதியிருந்தால் அந்நூலைத் திரும்ப வைத்துவிடலாம். கொல்லப்பட்டோர் 40,000 முதல் 60,000 வரை என்பதே இன்றைய ஆய்வாளர்கள் பலரின் கணக்கு. இந்நெறியோ, இங்கிலாந்தில் 1951இல் சூனியச் சட்டம் நீக்கப்பட்ட பின், அதன் நிறுவனராகக் கருதப்படும் ஜெரால்டு கார்ட்னர் 1954இல் வெளியிட்ட நூல் வழியாகப் பரவலாக அறியப்பட்டது. புதியது என்பதால் அதன் மதிப்பு குறைந்துவிடுவதில்லை. அதை மறைக்கும் ஆசிரியரைத்தான் நம்ப முடிவதில்லை.

அடுத்து மூலிகைப் பகுதியைப் பாருங்கள். புதினா வகை மூலிகையான பென்னிராயலின் எண்ணெய் கல்லீரலைச் சிதைக்கும் நஞ்சு. எச்சரிக்கையின்றி அதைப் பரிந்துரைக்கும் நூல் வீட்டுக்கு வரவே கூடாது.

தனியாகப் பயில்வோருக்கு விக்கா எழுத்தாளர் ஸ்காட் கன்னிங்ஹாமின் 1988ஆம் ஆண்டுக் கையேடு எளிதாக இருக்கும். வரலாற்றுக்கு வரலாற்றாசிரியர் ரொனால்டு ஹட்டனின் 1999ஆம் ஆண்டு ஆய்வு நூலையும் உடன் படிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் வசிப்பவர்கள், விக்காவின் எட்டுப் பருவ விழாக்களும் தென் அரைக்கோளத்துக்கு ஏற்ப, குளிர்கால விழா டிசம்பரில் அல்லாமல் ஜூனில் வருமாறு தரப்பட்டுள்ளனவா என்பதையும் பார்த்து வாங்க வேண்டும்.