‘சொன்னதைக் கேள்’: கீழ்ப்படிதலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை’ என்கிறோம். தமிழில் கேட்பது என்றால் காது கொடுப்பது, கீழ்ப்படிவது, கேள்வி கேட்பது மூன்றும்தான். கிறிஸ்தவத் துறவற மரபின் கீழ்ப்படிதலிலும் இந்த மூன்றும் உண்டு. நடுவில் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுவதுதான் நாம் செய்கிற பெரிய தவறு.

6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் மடங்களுக்கு எழுதிய ஒழுங்கு ‘மகனே, கேள்’ என்றே தொடங்குகிறது. முக்கியமான காரியம் என்றால் மடத்தலைவர் எல்லாரையும் கூப்பிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும், ஏனென்றால் நல்ல வழியைக் கடவுள் பல நேரம் இளையவருக்கே காட்டுகிறார் என்கிறது 3ஆம் அதிகாரம். முடிவு தலைவருடையது. சரி, தலைவர் சொன்ன வேலை நம்மால் முடியாது என்றால்? தக்க நேரம் பார்த்து, பொறுமையாக, அகந்தையில்லாமல் காரணத்தைச் சொல் என்கிறது 68ஆம் அதிகாரம். அதன் பிறகும் அவர் மாறவில்லை என்றால், கடவுளை நம்பிச் செய்யச் சொல்கிறது.

நாம் செய்வது வேறு. ‘ஃபாதர் சொல்லிட்டார்’ என்று அவர் முன்னால் தலையாட்டுவோம். அப்புறம் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று முணுமுணுப்போம். மனதுக்குள் முணுமுணுத்தபடி செய்த வேலையைக் கடவுள் ஏற்கமாட்டார் என்கிற அளவுக்கு பெனடிக்ட் இதில் கறார்.

இயேசு சபையினர் என்றாலே, தலைவர் கையில் பிணம்போல இருக்க வேண்டும் என்று அந்தத் துறவற சபையை நிறுவிய இஞ்ஞாசியார் சொன்னதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். பாவம் இல்லாத காரியங்களில் மட்டும் என்று அவர் போட்ட எல்லையை விட்டுவிடுவார்கள். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி அந்தச் சபையைச் சேர்ந்தவர்தான். கிறிஸ்தவரான பிறகும் பூணூல், குடுமி, சந்தனம் வைத்துக்கொள்ளலாம் என்ற அவருடைய நிலைப்பாட்டின்மேல் முதலில் புகார் எழுதியவர் கூடவே இருந்த சபைச் சகோதரர். நொபிலி சபையை உதறிவிட்டுப் போகவில்லை, வாயை மூடிக்கொள்ளவும் இல்லை; பக்கம் பக்கமாக விளக்கம் எழுதினார். வழக்கு கோவா தாண்டி ரோம்வரை போய், 1623இல் திருத்தந்தை 15ஆம் கிரகோரி அவர் பக்கம் தீர்ப்பளித்தார்.

மேலிடம் சொன்னால் பொறுப்பும் மேலிடத்துக்கே என்று நினைப்பது இன்னொரு தவறு. ஆஸ்திரிய விவசாயி ஃபிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர் ஹிட்லரின் படையில் ஆயுதம் ஏந்த மறுத்தார். மனைவி, சிறுபிள்ளைகள் இருக்கிறார்களே என்று குருவும் ஆயருமே அவரைத் தடுத்துப் பார்த்தார்கள். 1943இல் அவர் தலை வெட்டப்பட்டது. 2007இல் அதே திருச்சபை அவருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கொடுத்தது.

தவறு எப்போதும் கீழே இருப்பவருடையது மட்டுமல்ல. ‘எனக்குக் கீழ்ப்படி’ என்று அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கிற தலைவர், 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 618ஆம் சட்டத்தை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். துறவற சபைத் தலைவர்கள் தங்கள் உறுப்பினர்கள் சொல்வதை மனமுவந்து கேட்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது.