ஆசிரியர் குறைவாகப் பேசும் பதினைந்து நிமிடம்: பள்ளியில் கோச்சிங் உரையாடலைத் தொடங்குவது எப்படி?

கோச்சிங் என்றதும் நமக்குத் தேர்வுக்குத் தயார்படுத்தும் வகுப்புதான் நினைவுக்கு வரும். இங்கே சொல்லப்போவது வேறு. மாணவர் தன் சிக்கலைத் தானே வாய்விட்டுச் சொல்கிறார். தானே ஒரு சின்ன வழியைத் தேர்ந்தெடுக்கிறார். ஒரு வாரம் செய்து பார்த்துவிட்டு வந்து பேசுகிறார். ஆசிரியர் கேள்வி கேட்டுத் துணை நிற்கிறார், அவ்வளவுதான். பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு இந்த முறை பொருந்துவது ஏன் என்று கவனித்துப் பார்த்தால் தெரியும். அடுத்தவர் சொன்ன அருமையான யோசனையைத் தலையாட்டிக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தாங்களே கண்டுபிடித்த சுமாரான யோசனையைத்தான் செய்து பார்ப்பார்கள்.

இந்த உரையாடல் வளர்க்க நினைப்பது மீள்திறனை, அதாவது இடர்களுக்கு நடுவிலும் மீண்டெழும் திறனை. அந்தச் சொல்லையும் ‘எது வந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கு’ என்று புரிந்துகொள்ள வேண்டாம். ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். வறுமை, குடும்பச் சிக்கல் எனப் பல இடர்கள் சூழ வளர்ந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் பொறுப்பும் தன்னம்பிக்கையும் உள்ளவர்களாக வளர்ந்தார்கள். அதற்குத் துணைநின்றவற்றுள் ஒன்று, அக்கறையோடு நிலையாக உடனிருந்த ஒரு பெரியவர். அவர் பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, ஆசிரியராகவும் இருக்கலாம். வாரத்தில் 15 நிமிடம் ஒதுக்க இந்தக் காரணம் ஒன்றே போதும்.

முதலில் எல்லைக்கோடு

கோச்சிங், மனநல ஆலோசனைக்கு மாற்று ஆகாது. தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, சாக நினைப்பது, வீட்டிலோ வெளியிலோ வன்முறை, பாலியல் தொல்லை ஆகியவற்றில் எதைப் பற்றிய சாடை தெரிந்தாலும் கோச்சிங் கேள்விகளை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பதறாமல் கேளுங்கள், பிள்ளையைத் தனியே அனுப்பாதீர்கள், பள்ளியில் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடமோ ஆலோசகரிடமோ அன்றைக்கே கொண்டுபோங்கள். இரண்டு வாரத்துக்கு மேலாகச் சோர்வு, தூக்கமின்மை, சாப்பாட்டில் நாட்டமின்மை தொடர்ந்தாலும் அவர்களிடம்தான் அனுப்ப வேண்டும்.

இதனால்தான் ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று ஒருபோதும் வாக்குக் கொடுக்கக் கூடாது. முதல் சந்திப்பின் முதல் நிமிடத்திலேயே இப்படிச் சொல்லிவிடுங்கள்: “நீ பேசுறது நம்மளோட இருக்கும். ஆனா உனக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா, உதவி செய்யறவங்ககிட்ட நான் சொல்லியே ஆகணும். அதையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்.”

இன்னொன்று. ஒரு மாணவரைப் பிறர் கேலி செய்து துன்புறுத்துகிறார்கள் என்றால், அதைத் தடுக்க வேண்டியது பள்ளி. துன்பப்படும் பிள்ளையை உட்கார வைத்து மனஉறுதி வளர்க்கச் சொல்வது அநியாயம்.

ஆசிரியர்கள் மூவராக ஒத்திகை பார்க்கட்டும்

மாணவர்களிடம் போகும் முன் ஆசிரியர்கள் தங்களுக்குள் குறைந்தது நான்கு முறையாவது பழக வேண்டும். மூன்று பேர் கொண்ட குழு: ஒருவர் பேசுபவர், ஒருவர் கேட்பவர், ஒருவர் கவனிப்பவர். 10 நிமிடம் உரையாடல், 5 நிமிடம் கருத்து. பிறகு இடம் மாறுங்கள். மூன்று சுற்றும் 45 நிமிடத்தில் முடியும். கற்பனைச் சிக்கல் வேண்டாம். திருத்தாமல் தேங்கிக் கிடக்கும் விடைத்தாள் கட்டு, தூக்கத்தைக் கெடுக்கும் பொறுப்பு என உண்மையானதை எடுத்துக்கொள்ளுங்கள். அப்படிச் செய்தால் ஆசிரியரின் மனச்சுமையும் கொஞ்சம் இறங்கும், அதுவும் இந்த வேலையின் பகுதிதான்.

கவனிப்பவர் ஒரு தாளை நடுவில் மடித்து, ஒரு பக்கம் ‘கேள்வி’, மறுபக்கம் ‘அறிவுரை’ என்று எழுதி, வரவரக் கோடு போட்டால் போதும். “காலையில சீக்கிரம் எழுந்து திருத்தினா என்ன?” என்பது கேள்வியின் சட்டை போட்ட அறிவுரை. அதை அறிவுரைப் பக்கத்தில்தான் குறிக்க வேண்டும். முதல் சுற்றில் அந்தப் பக்கம் நிரம்பி வழிவது வழக்கம். தீர்வு சொல்லியே பழகிய தொழில் இது.

இடமும் நேரமும்

ஆசிரியர் அறையில் வேண்டாம். சக ஆசிரியர் காதில் விழும். கதவு திறந்திருக்கிற, வெளியிலிருந்து பார்வை படுகிற, ஆனால் பேச்சு கேட்காத இடம் நல்லது. மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்தால் விசாரணை போலாகிவிடும். மேசையின் மூலையில் பக்கவாட்டில் உட்காருங்கள். நேருக்கு நேர் பார்க்க விரும்பாத பிள்ளைக்கு அது பெரிய நிம்மதி. கைப்பேசியை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். தேவைப்படுவது ஒரு பேனா, ஓர் உள்ளங்கை அளவு அட்டை, சுவர்க் கடிகாரம். திட்டு வாங்கிய அதே நாளில் கூப்பிட்டால் கோச்சிங்கும் ஒரு தண்டனை என்றே மாணவர் நினைப்பார். விளையாட்டு வகுப்பைப் பிடுங்கிக்கொண்டு நடத்தினாலும் அதேதான்.

உரையாடலின் நடை

1980களில் பிரிட்டனில் உருவாகி, கோச்சிங் பயிற்சியாளர் ஜான் விட்மோரால் பரவலான ‘குரோ’ (GROW) முறை தொடக்கநிலையினருக்கு எளிது. இலக்கு, இப்போதைய நிலை, வழிகள், முடிவு என்று நான்கு கட்டங்கள். 2 நிமிடம் நலம் விசாரிப்பு, 3 இலக்கு, 4 நிலை, 4 வழிகள், 2 முடிவு எனப் பிரித்துக்கொள்ளலாம். ‘இப்போதைய நிலை’யை அறிய 0 முதல் 10 வரையிலான அளவுகோல் கேள்வி உதவும். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சிகிச்சையாளர்கள் ஸ்டீவ் டி ஷேசரும் இன்சூ கிம் பெர்க்கும் வளர்த்தெடுத்த தீர்வு நோக்கிய சிகிச்சை முறையிலிருந்து வந்தது அது.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியோடு நடக்கக்கூடிய உரையாடல் இது:

“கணக்குப் பரீட்சைன்னாலே பயமா இருக்கு மிஸ்.”

“இன்னைக்குப் பேசி முடிக்கிறப்ப எது கொஞ்சம் தெளிவானா போதும்?”

“பேப்பரப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோகுது. அது சரியானா போதும்.”

“பேப்பர் வந்ததும் பதறாம எழுத ஆரம்பிக்கிறது பத்து. பேனாவையே எடுக்க முடியாதது சைபர். போன தடவை எதுல இருந்த?”

“மூணு.”

“ஒண்ணுன்னு சொல்லாம மூணுன்னு சொல்றியே, எது உன்னை மூணு வரைக்கும் கொண்டுவந்துச்சு?”

ஏழெட்டு விநாடி அமைதி.

“கடைசிப் பக்கத்துல இருந்த வரைபடக் கணக்கு. அது எனக்கு நல்லா வரும். அதை மட்டும் முழுசா போட்டேன்.”

“போட்டதுக்கு அப்புறம்?”

“கை நடுக்கம் நின்னுச்சு மிஸ். ஆனா அதுக்குள்ள முக்கால் மணி நேரம் போயிடுச்சு.”

தீர்வு அவள் வாயிலிருந்தே பாதி வந்துவிட்டது. ‘எட்டு ஏன் இல்லை?’ என்று கேட்டிருந்தால் குறைகளின் பட்டியல்தான் கிடைத்திருக்கும். ‘ஒன்று ஏன் இல்லை?’ என்ற கேள்வி, அவளிடம் ஏற்கெனவே இருக்கும் பலத்தைத் தேட வைக்கிறது. ‘தெரிந்த கணக்கை முதலில் போடு’ என்று ஆசிரியரே முதல் நிமிடத்தில் சொல்லியிருக்கலாம்தான். எல்லோரும் சொல்லிக் காது புளித்துப்போன வரி அது. தன் கை நடுக்கம் எப்போது நின்றது என்று தானே நினைவுபடுத்திச் சொன்ன பிறகு, அதே வரி அவளுடையதாகிவிடுகிறது.

அந்த ஏழெட்டு விநாடியைத்தான் பலரால் தாங்க முடிவதில்லை. ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறக்குறைய ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று விநாடியாக்கினாலே மாணவரின் பதில் நீள்கிறது என்பதை 1970களில் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ காட்டினார். மனத்திலிருப்பதைத் தேடிச் சொல்ல இன்னும் அவகாசம் வேண்டும். மூன்று முறை மெல்ல மூச்சை இழுத்துவிடும் வரை வாயைத் திறக்காதீர்கள்.

அடுத்து, “மூணு நாலாகணும்னா என்ன செஞ்சு பார்க்கலாம்?” என்று கேளுங்கள். ஒரு பதில் வந்ததும் நிறுத்திவிடாமல், “வேற?” என்று குறைந்தது இரண்டு முறை கேளுங்கள். முதல் பதில் பெரும்பாலும் ஆசிரியரைத் திருப்திப்படுத்தச் சொல்வது (“நல்லா படிக்கிறேன் மிஸ்”). இரண்டாவது, மூன்றாவதில்தான் சொந்தச் சரக்கு வரும். மூன்றையும் சொன்ன பிறகு எதைச் செய்வது என்று மாணவரே தேர்ந்தெடுக்கட்டும்.

முடிவை அட்டையில் மாணவரே எழுத வேண்டும். ‘இது நடந்ததும் இதைச் செய்வேன்’ என்ற அமைப்பில் திட்டமிட்டால் செய்து முடிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பது உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியது. அந்த மாணவியின் அட்டை இப்படி இருக்கலாம்: “வினாத்தாள் கைக்கு வந்ததும், கடைசிப் பக்கம் வரை புரட்டி, எனக்கு வரும் கணக்குக்குப் பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைப்பேன். அதைத்தான் முதலில் போடுவேன்.” கீழே தேதி, எண் 3, அடுத்த சந்திப்பு நாள். அவ்வளவே. பிள்ளையின் மனத்திலிருப்பதையெல்லாம் பதிவேட்டில் எழுதி வைக்காதீர்கள். ஒருநாள் யார் கைக்காவது போய்ச் சேரும்.

எங்கே தவறுகிறது

‘ஏன்’ என்று தொடங்கும் கேள்வி குற்றச்சாட்டாகக் காதில் விழும். “ஏன் வீட்டுப்பாடம் செய்யல?” என்றால் சாக்குதான் வரும். “வீட்டுப்பாடத்துக்கு உட்கார்ந்ததும் என்ன நடக்குது?” என்று கேட்டால் நடப்பது தெரியவரும்.

இலக்கு பள்ளியுடையதாக இருந்தால் மாணவர் ஒப்புக்குப் பேசுவார். தலைமையாசிரியர் கேட்ட மதிப்பெண்ணை இலக்காக்காமல், மாணவர் கவலைப்படும் விஷயத்திலிருந்து தொடங்குங்கள். அது நண்பரோடான சண்டையாக இருந்தாலும் பரவாயில்லை.

அடி பெரிதாகிவிடுவது இன்னொரு சிக்கல். 3லிருந்து 8க்குத் தாவத் திட்டமிட்டால், வாரக் கடைசியில் தோல்வியோடு திரும்பி வருவார்கள். ஒரே எண் மேலே போவதுதான் வாரத்துக்கான அளவு.

“தெரியல” என்று மட்டும் பதில் வந்தால், “உன் நெருங்கின ஃப்ரெண்டுக்கு இப்படி ஆனா என்ன சொல்லுவ?” என்று கேட்டுப் பாருங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். பேச விருப்பமில்லாத பிள்ளையை வற்புறுத்தக் கூடாது. “வேணும்னா அப்புறம் வா” என்று சொல்லி அனுப்புங்கள்.

ஒரு வாரம் கழித்து

அடுத்த சந்திப்பைத் தள்ளிப்போட்டால் முதல் சந்திப்பும் வீணாகிவிடும். எனவே ஆசிரியர் ஒருவர் மூன்று மாணவர்களோடு தொடங்கினால் போதும். “செஞ்சியா?” என்று கேட்காமல், “இப்ப எந்த எண்?” என்று தொடங்குங்கள். ஏறியிருந்தால், எது உதவியது என்று விரிவாகக் கேளுங்கள். செய்யவில்லை என்றால் முகம் சுளிக்காமல், “எந்த இடத்துல தடைப்பட்டுச்சு?” என்று கேட்டு, அடியை இன்னும் பாதியாகச் சிறிதாக்குங்கள். மாணவி புள்ளி வைக்க மறந்திருந்தால், அடுத்த பெரிய தேர்வுக்குக் காத்திருக்காமல் வாரத் தேர்விலேயே பழகிப் பார்க்கலாம். ஆறு சந்திப்பு ஆகியும் எண் அசையவே இல்லை என்றால், அட்டையோடு, மாணவரின் சம்மதம் கேட்டு, ஆலோசகரைப் பாருங்கள். எண் ஏறி, தொடர்ந்து இரண்டு சந்திப்பில் இறங்காமல் நின்றால் இடைவெளியை இரண்டு வாரமாக்கி, பிறகு ஒரு மாதமாக்குங்கள். அட்டையை மாணவரிடமே கொடுத்துவிடுங்கள்.