படம் போட்டு முடித்துவிட்டு ஊரைக் கூட்டாதீர்கள்

பசுமைக் குடியிருப்பு என்று பெயர் வைத்துத் தொடங்குகிற பல திட்டங்களில் மக்களைக் கேட்பது கடைசி வாரத்து வேலையாகத்தான் இருக்கிறது. வரைபடம் ரெடி, டெண்டர் ரெடி, அப்புறம் ஒரு சாமியானா, டீ, பிஸ்கட். இதுதான் முதல் தவறு, மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளைவிடுகிறது. நான் போயிருந்த ஒரு கடற்கரை ஊர்க் கூட்டத்தில், திரையில் ஓடிய கலர் படத்தைப் பார்த்து எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் நின்ற ஒரு அம்மா முன்னால் வந்து மேசையில் விரித்திருந்த வரைபடத்தில் விரலை வைத்தார். "இது என் வாசல், இது பக்கத்து வீட்டுச் சுவர், கருவாடு எங்கே காயப்போடுறது?" இரண்டுக்கும் நடுவே மூன்றடிதான் விட்டிருந்தார்கள். சுண்ணாம்புத் தூளில் அஸ்திவாரக் கோடு போட்டாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றார் பொறியாளர்.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் பல மீனவ ஊர்களில் இதுவே பெரிய அளவில் நடந்தது. கட்டிக்கொடுத்தவர்கள் நல்ல மனசோடுதான் வந்தார்கள், ஆனால் வரிசை வரிசையாக ஒரே மாதிரி கான்கிரீட் வீடு போடுவதற்காக நிலத்தைச் சமன்படுத்தியபோது பல இடங்களில் மரங்கள் போய்விட்டன. வலை பின்னியது, மதியம் படுத்தது, பிள்ளைகள் விளையாடியது எல்லாம் அந்த மர நிழலில்தான். கூரை வீட்டின் குளிர்ச்சியும் இல்லை, வெளியே நிழலும் இல்லை. ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் "மரத்தை விட்டுட்டு வீட்டைத் தள்ளிப் போடுங்க" என்று சொல்லியிருப்பார்கள். 2001 பூகம்பத்துக்குப் பிறகு குஜராத்தின் கட்ச் பகுதியில் ஏராளமான குடும்பங்கள் தவணையில் பணமும் பொறியாளர் ஆலோசனையும் பெற்றுத் தங்கள் வீட்டைத் தாங்களே கட்டிக்கொண்டன. அப்படியும் செய்ய முடிகிறது.

"சட்டப்படி கருத்துக்கேட்பு தேவையில்லையே" என்று சொல்வது அடுத்த தவறு. உண்மைதான், மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை கட்டடத் திட்டங்களுக்கும் நகரியங்களுக்கும் (டவுன்ஷிப்) மக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறது. அதனால்தான் நீங்களாகப் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது, வேறு யாரும் உங்களைக் கேட்க வைக்கப்போவதில்லை.

சரி, போய்க் கேட்கிறீர்கள். யாரிடம்? பஞ்சாயத்துத் தலைவரிடமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாலு பேரிடமும் பேசிவிட்டு ஊரைக் கேட்டாச்சு என்று எழுதிவிடாதீர்கள். கோயில் வாசலில் கூட்டம் போட்டால் தலித் காலனி ஆட்கள் வர மாட்டார்கள், வந்தாலும் ஓரமாக நின்று வாய் திறக்காமல் போவார்கள். இது தெரிந்தும் அங்கேயே கூட்டம் போடுவது அவர்கள் வர வேண்டாம் என்று நீங்களே முடிவெடுத்ததற்குச் சமம். வாடகைக்கு இருப்பவர்கள் எந்தப் பட்டியலிலும் இருப்பதில்லை, தெருவில் பாதிப் பேர் அவர்களாக இருந்தாலும். நேரமும் அப்படித்தான்: காலை பதினொரு மணிக்கு மீன் விற்கும் பெண்கள் சந்தையில் இருப்பார்கள், நூறு நாள் வேலைக்காரர்கள் வேலைத்தளத்தில் இருப்பார்கள்.

கேள்வியிலும் கவனம் வேண்டும். "உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டால் சம்மதம் என்றுதான் வரும், எதிரே நிற்பது அதிகாரி மாதிரி ஆள் அல்லவா. அதற்குப் பதிலாக, 2015 மழையில் தண்ணீர் எதுவரை நின்றது, எந்தப் பக்கமாக வடிந்தது, காலையில் எழுந்ததும் யார் எங்கே போகிறார்கள், ஆடு மாடு எங்கே கட்டுகிறீர்கள் என்று கேளுங்கள். வடிகால் போக வேண்டிய இடத்தை எந்த சர்வேயரையும்விட அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் குச்சியால் மண்ணில் கோடு போட்டுச் சரியாகக் காட்டுவார். கூடவே நடந்து போய்ப் பாருங்கள்.

பராமரிப்பைப் பற்றிப் பேசாமல் விடுவது இன்னொன்று. சோலார், கழிவுநீர் சுத்திகரிப்பு, மழைநீர்த் தொட்டி எல்லாம் திறப்பு விழா அன்று நன்றாக ஓடும். மோட்டார் கரண்ட் பில் யார் கட்டுவது, வடிகட்டி மணலை வருஷா வருஷம் யார் மாற்றுவது, லிஃப்ட் நின்றுபோனால் ஏழாவது மாடிப் பாட்டி எப்படி இறங்குவார், மாதம் எவ்வளவு கொடுக்க முடியும், இதையெல்லாம் படம் போடுவதற்கு முன்பே பேச வேண்டும். கொடுக்க முடியாத தொகை என்றால் கருவியை மாற்றுங்கள், மக்களைக் குறை சொல்லாதீர்கள்.

கடைசியாகக் கையெழுத்து. வருகைப் பதிவு என்று சொல்லி வாங்கிய கையெழுத்து அப்புறம் சம்மதக் கடிதமாக ஃபைலில் ஏறிய கதை பல ஊர்களுக்குத் தெரியும், அதனால்தான் பேனாவை நீட்டினாலே பின்வாங்குகிறார்கள். கூட்டக் குறிப்பைத் தமிழில் எழுதி, அங்கேயே உரக்கப் படித்துக் காட்டி, ஒரு பிரதியை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள். அடுத்த முறை போகும்போது, சொன்னதில் எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்று அதே ஆட்களிடம் சொல்லுங்கள்.