வாள்வீச்சு முடிவுத் தாளைப் படிக்கும் முறை

சர்வதேச வாள்வீச்சுப் போட்டியின் முடிவுகள் வந்ததும் பலர் பதக்கப் பட்டியலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒருவர் எப்படி ஆடினார் என்பதை அறிய வேண்டுமானால் பூல் சுற்றின், அதாவது சிறு பிரிவுகளாகப் பிரித்து ஆடும் முதல் சுற்றின், கட்டங்களிலிருந்து தொடங்க வேண்டும்.

ஃபாயில், எபே, சேபர் ஆகிய மூன்றில் எந்த வாளுக்குரிய தாள் என்பதை முதலில் பாருங்கள். குழுப் போட்டி 45 புள்ளி வரை செல்லும் வேறு கணக்கு என்பதால், இங்கே தனிநபர் போட்டியை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

பெரும்பாலும் ஆறு அல்லது ஏழு பேர் கொண்ட பூலில் ஒவ்வொருவரும் மற்ற அனைவருடனும் 5 புள்ளிக்கு மோதுவர். பெயருக்கு நேரே கிடைமட்டமாக உள்ளவை அவர் எடுத்த புள்ளிகள். அவருடைய வரிசை எண்ணுக்குக் கீழே இறங்கும் பத்தியில் இருப்பவை அவர் விட்ட புள்ளிகள். வெற்றிக்கு 'வி', தோல்விக்கு 'டி' என்று குறிப்பார்கள். சில தாள்களில் 'டி.டி.', 'டி.ஆர்.' என்ற தலைப்புகளைக் கண்டு நான் குழம்பியபோது, புதுச்சேரியில் எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கும், பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "தூஷ் தொனே, தூஷ் ரெசூ" என்று வாசித்துக் காட்டினார். அடி கொடுத்தது, அடி வாங்கியது என்று நாம் சொல்வதேதான். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவது இண்டிகேட்டர்.

பலரும் தடுமாறும் இடம் அடுத்தது. பூல்கள் முடிந்து எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தும்போது வெற்றிகளின் எண்ணிக்கையை அல்ல, ஆடிய ஆட்டங்களில் வென்றவற்றின் விகிதத்தையே முதலில் பார்ப்பார்கள். ஐந்தில் நான்கு வென்றவருக்கு 0.800; ஆறில் நான்கு வென்றவருக்கு 0.667. விகிதம் சமமானால் இண்டிகேட்டர், அதுவும் சமமானால் எடுத்த புள்ளிகள். நான்கு ஆட்டங்களை வென்று, ஐந்தாவதில் 3-5 என்று தோற்றவர் மொத்தம் 23 எடுத்து 14 விட்டிருந்தால் அவருடைய இண்டிகேட்டர் 9. அந்தத் தோல்வியில் போராடி எடுத்த 3 புள்ளிகளும் இந்தக் கணக்கில் சேர்ந்திருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். தோற்ற ஆட்டத்திலும் புள்ளியை விடாதே என்று பயிற்சியாளர்கள் பிள்ளைகளிடம் மன்றாடுவது இதனால்தான்.

பிறகு வருவது 15 புள்ளி நாக் அவுட். ஒரே சுற்றில் வெளியேறியவர்களின் இடங்களை பூல்களுக்குப் பின் வந்த அந்தத் தரவரிசையே பிரிக்கும். அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் வெண்கலம் உண்டு. ஒலிம்பிக்கில் மட்டும் மூன்றாம் இடத்துக்குத் தனி ஆட்டம் நடக்கும். 2023 ஜூனில் சீனாவின் ஊஷி நகரில் நடந்த ஆசிய வாள்வீச்சு சாம்பியன்ஷிப் போட்டியின் மகளிர் சேபர் தாளை எடுத்து, சென்னையைச் சேர்ந்த பவானி தேவியின் பெயரை விரலால் தொடர்ந்து செல்லுங்கள். காலிறுதியில் உலகச் சாம்பியன் மிசாகி எமுராவுக்கு எதிராக 15-10. அரையிறுதியில் உஸ்பெகிஸ்தானின் தயிபெகோவாவிடம் 14-15. இந்தியாவுக்கு அந்தப் போட்டியில் கிடைத்த முதல் பதக்கத்துக்கும் இறுதி ஆட்டத்துக்கும் இடையே இருந்தது அந்த ஒரு புள்ளி.